ஃபீனிக்ஸ் பேயில் இறங்கியவர்

ரங்கத்
8-12-2024

என் குறும்புக்கெல்லாம் முதலில் சிரித்துவிட்டுப் பிறகு திட்டும் பானுமதி அத்தைக்கு, மருமகன் தினேஷ்குமார் எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். நலமா என்பதை நீங்களே வந்து பார்த்து முடிவு செய்யலாம். போன் செய்தால் மாமா எடுக்கிறார், வீட்டுக்கு எழுதினால் மாமா பிரிப்பார். அதனால்தான் நீங்கள் தைக்கப் போகும் சின்னம்மா அக்கா கடைக்குப் போர்ட் பிளேர் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். கண்டக்டர் வாங்கும்போதே, "அரே, லவ் லெட்டரா?" என்றார். ஆமாம் அண்ணே, நாற்பது வயசு தாண்டின பொண்ணுக்கு என்றேன். இனி ரங்கத் முழுக்க என் மானம் கப்பலேறும்.

தீர்ப்பு உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். உங்கள் அண்ணனை, அதாவது என் அப்பாவை, மூங்கிலால் அடித்தது உங்கள் வீட்டுக்காரர்தான் என்று சந்தேகமில்லாமல் நிரூபிக்க முடியவில்லையாம். சந்தேகத்தின் பலனை மாமாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். எங்களுக்குப் பலன் கிடையாது, சந்தேகம் மட்டும்தான்.

பார்த்தவன் நான் ஒருத்தன். தோப்புக்குள் மாமாவின் மணல் லாரி போகக் கூடாது என்று அப்பா மூங்கிலைக் குறுக்கே கட்டினார். மாமா அதையே பிடுங்கி அடித்தார். நான் கொய்யா மரத்தின் மேலே ஒரு வாளித் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தேன். ஏன் மரத்தில் இருந்தாய் என்று மாமாவின் வக்கீல் கேட்டார். அப்பா தலையில் தண்ணீர் ஊற்ற என்றேன். கோர்ட்டே சிரித்தது. முதல் தடவையாக என் ஜோக்குக்கு யாரும் சிரிக்க வேண்டாம் என்று இருந்தது.

பிறகு அந்தப் பழைய கதையை எடுத்தார். 2022 பொங்கலுக்கு உங்கள் டிக்கெட்டில் முக்காடு போட்டுக்கொண்டு 'பானுமதி, பெண், 41' என்று கப்பலில் வந்தேனே, அது. பெயரை மாற்றி ஊரை ஏமாற்றுகிறவன் சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்டார். மாமாவின் பெயரோ, அப்பா அடிபட்ட அன்றைக்கு ரங்கத்திலிருந்து போர்ட் பிளேர் போன காலைக் கப்பலின் பயணிகள் பட்டியலில் இருந்தது. ஒருத்தர் டிக்கெட்டில் இன்னொருத்தர் போவது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் பட்டியலில் பெயர்தானே இருக்கிறது, முகமா இருக்கிறது?

அந்த யோசனையை மாமாவுக்குக் கொடுத்தது என் முக்காடுதானோ என்று சில நாள் தோன்றுகிறது. அதற்கு மட்டுமாவது பதில் எழுதுங்கள்.

அன்பு மருமகன்,
தினேஷ்


போர்ட் பிளேர்
20-12-2024

அன்புள்ள தினேசுக்கு அத்தை எழுதுவது.

உன் கடிதத்தைச் சின்னம்மா அக்கா ஜாக்கெட் துணிக்குள் மடித்துக் கொடுத்தார்கள். காஜா எடுக்கிற நேரத்தில் படித்தேன். இரண்டு பொத்தான் மாறிப் போனது.

உன் முக்காடு யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. நீ பிறக்கும் முன்பிருந்தே ஊர் அப்படித்தான் கப்பலேறுகிறது. அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. சாப்பிடு.

உன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் நான்தான் பக்கத்தில் இருந்தேன். அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டுக்கு வெளியே தெரிந்த முடியை மட்டும் தினமும் சீவிவிட்டேன். சின்ன வயதில் அண்ணன் எனக்குச் சீவிவிடும். கோணலாகத்தான் வகிடு எடுக்கும்.

கோர்ட்டு முடிந்தது. இனி அதைக் கிளறாதே கண்ணு. என் பொண்ணு விஜிக்கு நர்சிங் சீட் கிடைத்திருக்கிறது, அவள் அப்பாதான் அலைந்து வாங்கினார். உனக்கு ஒரு சட்டை தைத்து அனுப்புகிறேன். பழைய அளவுதான் என்னிடம் இருக்கிறது. வளர்ந்திருந்தால் தையலைப் பிரித்துக்கொள், உள்ளே துணி விட்டிருக்கிறேன்.

உன் அம்மா புஷ்பம் என்னோடு ஒரு வார்த்தை பேசாததுதான் கஷ்டமாக இருக்கிறது. பேசாததில் நியாயம் இருப்பது இன்னும் கஷ்டம்.

அத்தை
பானுமதி


ரங்கத்
2-2-2025

பொத்தான் மாற்றித் தைக்கும் அத்தைக்கு,

சட்டை வந்தது. இடது கையில் உள்மடிப்பைப் பிரித்தேன், வலது கையில் விட்டுவிட்டேன். ஒரு பக்கம் பெரியவன், ஒரு பக்கம் சின்னவன். வயதும் அப்படித்தான் இருக்கிறது.

கோர்ட்டு முடியவில்லை அத்தை. விசாலாட்சி என்று ஒரு வக்கீல் மேடம் இலவச சட்ட உதவியில் கிடைத்தார். ஜெயிலுக்கு அனுப்பும் வழக்கு சர்க்காருடையது, அதில் நாங்கள் வெறும் சாட்சி என்றார். ஆனால் கொல்லப்பட்டவரின் குடும்பம் தானே சிவில் கோர்ட்டுக்குப் போய், இந்த மனிதரால் நாங்கள் இதை இழந்தோம், இவர் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்கலாமாம். அங்கே விடுதலையானது இங்கே தடையில்லை. அங்கே சந்தேகமே இல்லாமல் நிரூபிக்க வேண்டும், இங்கே எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றுதான் பார்ப்பார்கள். அப்பா இறந்து இரண்டு வருஷத்துக்குள், மார்ச் 22க்கு முன்னால், மாயாபந்தர் கோர்ட்டில் போட்டாக வேண்டும்.

எனக்குப் பதினெட்டு ஆகாததால் என் சார்பில் அம்மா வழக்குப் போடுகிறாள். மனுவில் அவளுக்குப் பெயர் 'அடுத்த நண்பர்'. ஏய் பிரண்டு என்று கூப்பிட்டேன். சட்டம் கொடுத்த நட்பைத் துடைப்பத்தால் அங்கீகரித்தாள். அப்பா போன பிறகு அன்றைக்குத்தான் அவள் பல் தெரியச் சிரித்தாள்.

யாரெல்லாம் இழந்தவர்கள் என்று சட்டத்தில் ஒரு வரிசை இருக்கிறது. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை. தங்கை இல்லை. நான் இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். எங்கள் எல்லோருக்கும் முன்னால் அப்பாவைத் தெரிந்தவர் நீங்கள், உங்களுக்கு அதில் இடமில்லை. சாட்சிக் கூண்டில் மட்டும் இடம் இருக்கிறது.

அதைத்தான் கேட்க வந்தேன். மாமா வரும் நாளெல்லாம் நீங்கள் போர்ட் பிளேர் கப்பல்துறையில், ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் போய் நிற்பீர்கள். நான் முக்காட்டோடு இறங்கிய அன்றும் நின்றீர்கள். அப்பா அடிபட்ட மார்ச் 11 அன்றும் நின்றிருப்பீர்கள். காலை பத்து மணிக்கு எங்கள் தோப்பில் நின்ற மனிதர் மத்தியானம் அங்கே இறங்கியிருக்க முடியாது. அவர் டிக்கெட்டில் யார் இறங்கினார்கள் அத்தை?

மாமா உங்களிடம் சொன்னது எதையும் சொல்ல வேண்டாம், புருஷன் பெண்டாட்டி பேசியதைக் கோர்ட்டு கேட்காதாம். உங்கள் கண் பார்த்ததை மட்டும் சொன்னால் போதும் என்கிறார் மேடம். கண் உங்களுடையதுதானே?

தினேஷ்


போர்ட் பிளேர்
3-3-2025

தினேஷ்,

நான் அன்றைக்கு ஜெட்டிக்குப் போகவில்லை. தலைவலி.

இதை எழுதுவதற்கு ஒரு மாதம் ஆனது என்பதிலிருந்து நீ எதையும் புரிந்துகொள்ள வேண்டாம். விஜி அவள் அப்பாவைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஹாஸ்டலுக்குப் போனாள். அந்த வீட்டில்தான் நான் சமைக்கிறேன், படுக்கிறேன். வேறு வீடு எனக்கு இல்லை. இருந்தது உங்கள் தோப்பு வீடு. அங்கே வரும் முகமும் இல்லை.

பஸ்ஸில் கடிதம் கொடுக்காதே. கண்டக்டர் மாமாவிடம் ஏதோ கேட்டிருக்கிறார்.

அத்தை


ரங்கத்
23-11-2025

அத்தைக்கு,

இதைச் சின்னம்மா அக்கா கடைக்குத் தபாலில் அனுப்புகிறேன். மார்ச்சில் வழக்குப் போட்டுவிட்டோம். அம்மா கையெழுத்துப் போடும்போது பேனா மூடியைக் கழற்ற மறந்துவிட்டாள். ஜனவரி 13 சாட்சி விசாரணை. எங்கள் பக்கம் நானும் என் பழைய புகழும்தான் சாட்சி.

நடுவில் போட்ட மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. அதனால் பதிலை நானே எழுதினேன். சும்மா சொல்லவில்லை. உங்கள் கையெழுத்து எனக்கு அத்துப்படி. என் லீவு லெட்டரில் அப்பாவுக்குப் பதிலாக நீங்கள் போட்டதைப் பார்த்துப் பழகியதுதான். 'பானுமதி ஆகிய நான்' என்று தொடங்கி ஒரு பக்கம். சின்னம்மா அக்காவே பார்த்தாலும் சத்தியம் செய்வார்கள். இதைக் கொடுத்தால் மேடம் உங்களுக்குச் சம்மன் அனுப்புவார், நீங்களும் மாட்டிக்கொண்டு உண்மையைச் சொல்வீர்கள் என்று கணக்குப் போட்டேன்.

மேடத்தின் மேஜை வரைக்கும் போனேன். 'பெயரை மாற்றி ஏமாற்றுகிறவன்' என்று அந்த வக்கீல் சொன்ன குரல் காதில் கேட்டது. இதைக் கொடுத்தால் அவர் சொன்னது உண்மையாகிவிடும். அப்பாவை அடித்ததைப் பார்த்தேன் என்பது மறுபடி பொய்யாகிவிடும்.

திரும்பி வந்துவிட்டேன். அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். கிழித்துப் போடுங்கள்.

அன்றைக்கு நான் மரத்திலிருந்து இறங்கவில்லை அத்தை. இது யாருக்கும் தெரியாது. மாமா போகும் வரை வாளியைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் சிந்தினால் மேலே பார்ப்பாரே என்று பயம். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அதனால் நீங்கள் பயப்படுவதை நான் குறை சொல்லவில்லை.

தினேஷ்


போர்ட் பிளேர்
4-1-2026

என் கண்ணு தினேசுக்கு,

தாளைக் கிழிக்கவில்லை. நாற்பது நாளாகத் தையல் மெஷின் இழுப்பறையில் வைத்துப் படித்தேன். கையெழுத்து அச்சாக இருக்கிறது, 'ப' மட்டும் என்னுடையதைவிட அழகு. ஆனால் விஷயத்தில் மூன்று தப்பு. திருத்தியிருக்கிறேன்.

நீலக் குடை பிடித்து நின்றதாக எழுதியிருக்கிறாய். அன்றைக்குக் குடை கொண்டுபோகவில்லை. தூக்குவாளியில் எலுமிச்சை சாதம் கொண்டுபோனேன்.

யாரும் இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். இறங்கினார். பெயின்ட் அடிக்கிற ஆள், மெயின்லேண்ட்காரர். உன் மாமாவின் பச்சைப் பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். பை நிறைய உங்கள் தோப்புத் தேங்காய். அந்தப் பை இன்னும் என்னிடம் இருக்கிறது.

அழுதுகொண்டே வீட்டுக்குப் போனதாக எழுதியிருக்கிறாய். அழவில்லையடா. மறுபடியும் கப்பலை விட்டுவிட்டாரா இந்த மனுஷன் என்று கோபம்தான் வந்தது. ஜெட்டி பெஞ்சில் உட்கார்ந்து அவர் பங்கையும் சேர்த்து நானே சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அந்த நேரத்தில் அண்ணன் தோப்பில் கிடந்திருக்கிறது. நீ மரத்தில் இருந்திருக்கிறாய். நான் வாளியைத் துடைத்துச் சாப்பிட்டேன்.

இதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குப் பயந்ததும் உண்மை. ஆனால் உன் கடிதங்களைப் படித்தபோதெல்லாம் நாக்கில் எலுமிச்சைதான் வந்தது. நீ உன் வாளியைச் சொன்ன பிறகு என்னால் என் வாளியை மறைக்க முடியவில்லை.

நேற்று விஜியிடம் சொன்னேன். போனை வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிடவில்லை. இன்று காலையிலிருந்து சின்னம்மா அக்கா வீட்டில் இருக்கிறேன். மாமாவிடம் ஏன் என்று சொல்லவில்லை. தெரிந்துகொள்வார். இனி அந்த வீட்டுக் கதவு எனக்குத் திறக்காது.

உன் வரிசையில் தங்கைக்கு இடமில்லை என்று எழுதியிருந்தாய். பரவாயில்லை. அண்ணனுக்காக நான் எதுவும் கேட்கப் போவதில்லை. பார்த்ததைச் சொல்வேன், அவ்வளவுதான். இனி யார் கையெழுத்தும் போடாதே, என்னுடையதும்.

திருத்திய தாளில் நானே கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். அதை நானே கொண்டுவருகிறேன்.

பன்னிரண்டாம் தேதிக் கப்பல். ரங்கத் பே ஜெட்டிக்கு வந்து நில். புஷ்பம் வராவிட்டால் வற்புறுத்தாதே. கூட்டத்தில் நான் தெரியாவிட்டால் திரும்பிப் போய்விடாதே, கடைசி ஆள் இறங்கும் வரை நில்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். பானுமதி, பெண், 45.

அத்தை