தரையில் படாத கால்

20 ஜனவரி 1974, ஞாயிறு

இன்று மூன்று முறை விழுந்தேன். மூன்றும் வலப்பக்க வளைவில். பெருமாட்டி ஆறுச்சாமி, ஏழு நாள் சைக்கிளை விட்டு இறங்காத சாகச வீரன், ஏலப்பாறை தேயிலைச் சரிவில் மூட்டை மாதிரி உருண்டு கிடந்தேன். நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை. கொழுந்து கிள்ளுகிறவர்கள் யாரும் மலையில் இல்லை.

காரணம் தெரியாமல் இல்லை. ஒன்பது வருஷம் ஊர் ஊராகப் போய், மைதானத்தில் கயிறு கட்டி, அதற்குள் வட்டம் அடித்தவன். எப்போதும் இடப்பக்கம்தான். வலது பக்கம் திரும்ப இந்த உடம்புக்குத் தெரியவில்லை. என் பழைய சைக்கிளில் பிரேக்கைக் கழற்றி வைத்திருந்தேன். நிற்கவே கூடாதவனுக்கு பிரேக் எதற்கு? எஸ்டேட் கொடுத்த சைக்கிளில் இரண்டு பிரேக்கும் இருக்கின்றன. விரல்தான் அங்கே போக மாட்டேன் என்கிறது.

22 ஜனவரி

எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் சுவக்கீன்தான் எனக்கு இந்த வேலையைப் போட்டுக் கொடுத்தவர். ஏலப்பாறை தபாலாபீசுக்குப் போய்ப் பையை வாங்கி வந்து, மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் கடிதம் சேர்க்க வேண்டும். “ஏழு நாள் எறங்காம ஓட்டுன ஆளுக்கு இந்த ரோடெல்லாம் எம்மாத்திரம்?” என்றார். மலையில் ஒரு நாள்கூட ஓட்டியதில்லை என்று நான் சொல்லவில்லை. பிப்ரவரி முடியும்வரை பார்ப்பார்களாம். சரிப்பட்டால் வேலை நிரந்தரம், தொழிலாளர் லயத்தில் ஒரு வீடு. இல்லையென்றால் ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

கீழ் டிவிசனில் மயிலாத்தாள் இருக்கிறாள், அவள் அக்கா வீட்டில். என் பெண்டாட்டி. அவளுக்காகத்தான் மலையேறினேன் என்பதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

25 ஜனவரி

ஏற்றம் வந்தது, தள்ளினேன். இறக்கம் வந்தது, பயந்து தள்ளினேன். சைக்கிள் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு ஊரைச் சுற்றிக் காட்ட ஆளாக நான் கிடைத்திருக்கிறேன்.

29 ஜனவரி

கருத்தப்பாண்டி என்று ஒருவர், கேரியரில் பெட்டி கட்டி லயம் லயமாக ரொட்டி விற்கிறவர். என் வயதுதான் இருக்கும். இன்று நான் விழுவதைப் பார்த்துவிட்டுச் சைக்கிளை நிறுத்தினார். “சாயுதுன்னா காலை ஊனும் வே. விழணும்னு நேத்திக்கடனா?”

அவர் சொன்ன பிறகுதான் எனக்கே புரிந்தது. விழுந்ததில் ஒரு தடவைகூட நான் காலை ஊன்றவில்லை. சைக்கிள் சாய்கிறது, இரண்டு காலையும் பெடலில் வைத்துக்கொண்டு நானும் கூடவே சாய்கிறேன். கால் தரையில் பட்டால் ஆட்டம் முடிந்தது. எங்கள் ஆட்டத்துக்கு அது ஒன்றுதான் சட்டம். சோறு, குளியல், சவரம் எல்லாம் சைக்கிள் மேலேயேதான்.

போகும்போது இன்னொன்றும் சொன்னார். “செங்குத்து எறக்கத்துல பிரேக்க மட்டும் நம்பாதீரும். ஒரு மரக்கொப்பை வெட்டிக் கேரியர்ல கட்டி இழுத்துட்டுப் போம். அது பின்னால பிடிச்சுக்கும்.”

2 பிப்ரவரி

சவுக்குக் கொப்பு ஒன்றை வெட்டிக் கயிற்றில் கட்டி இறங்கினேன். விழவில்லை. பின்னால் யாரோ பிடித்துக்கொண்டே வருகிற மாதிரி இருக்கிறது. திரும்பிப் பார்த்தால் வெறும் இலை.

5 பிப்ரவரி

பையை வாங்கியதும் என் பெயருக்கு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறேன். நான் இங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது, யார் எழுதப் போகிறார்கள்? ஆனாலும் தினம் பார்க்கிறேன்.

9 பிப்ரவரி

கீழ் டிவிசன் கடிதங்களைக் கருத்தப்பாண்டியிடம் கொடுத்துவிடுகிறேன். அந்த இறக்கம் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். அவரும் நம்பிவிட்டார். இறக்கமா எனக்குப் பயம்?

12 பிப்ரவரி

எழுதிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கொல்லங்கோட்டில். ஆறாவது நாள் சாயங்காலம். மைக்கில் கத்திக்கொண்டிருந்தார்கள் — “ஆறுச்சாமியின் கால் இன்னும் தரையில் படவில்லை!” மயிலாத்தாள் கயிற்றுக்கு வெளியே வந்து நின்றாள். “ஏனுங்க, எங்கப்பன் போயிட்டாருங்க. எறங்கி வாங்க” என்றாள்.

நான் சுற்றிக்கொண்டு வந்தேன். நின்றாள். இரண்டாவது சுற்றிலும் நின்றாள். மூன்றாவது சுற்றில் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது சுற்றில் அவள் இல்லை.

ஒரு நாள்தானே, முடிச்சுட்டுப் போலாம்னு நெனச்சேன். நெசமா அதான் நெனச்சேன். பொணத்த அதுவரைக்கும் வெச்சிருப்பாங்களா? அதுகூடவா எனக்குத் தெரியாது? மருமகன் இல்லாமலே எடுத்துட்டாங்க. நான் ஏழாவது நாள் முடிச்சுட்டு, கழுத்துல மாலையோட ஊட்டுக்குப் போறேன். மாலையோட! ஊடு பூட்டிக் கெடக்குது.

15 பிப்ரவரி, வெள்ளி

ரைட்டருக்குத் தெரிந்துவிட்டது. “ரொட்டிக்காரன் கையில குடுத்துவிடவா உன்னைய வச்சிருக்கு? திங்கக்கிழமை கீழ் டிவிசனுக்கு நீயே போ. முடியாதுன்னா இப்பவே சொல்லிரு.” போகிறேன் என்றேன்.

17 பிப்ரவரி, ஞாயிறு

ஆள் கூப்பிடுகிற பெரட்டுக் களம் இன்று காலியாக இருந்தது. பத்தடி ஓட்டுவது, பிரேக் பிடிப்பது, காலை ஊன்றுவது. மறுபடியும் பத்தடி. காலையிலிருந்து இதே வேலை. முப்பத்தாறு வயதில் நிற்கப் பழகுகிறேன். களத்தில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. அதுவும் அலுத்துப்போய் எழுந்து போய்விட்டது.

18 பிப்ரவரி, திங்கள்

கொப்பு கட்டிக்கொண்டு இறங்கினேன். கொழுந்து நிறுக்கிற நேரம். பெண்கள் தலையில் மூட்டையோடு வரிசையாக நின்றார்கள். கடைசி வளைவு வலப்பக்கம். திரும்பிவிட்டேன். பிரேக் பிடித்து இடது காலை ஊன்றினேன். எதிரே மயிலாத்தாள். இளைத்திருக்கிறாள்.

முதலில் அவள்தான் பேசினாள். என் காலைப் பார்த்து, “இப்பத்தான் எறங்கறதுக்கு நேரங் கெடச்சுதுங்களா?” என்றாள். மூட்டையை நிறுக்கப் போய்விட்டாள்.

நியாயம்தான். வேறென்ன சொல்வாள்?

21 பிப்ரவரி

அவள் அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. மயிலாத்தாள்தான் வாங்கினாள். உள்ளே போய்விட்டாள்.

28 பிப்ரவரி

வேலை நிரந்தரம். மேல் டிவிசன் லயத்தில் வீடு கொடுத்துவிட்டார்கள். நிறுக்கிற இடத்தில் அவளிடம் சொன்னேன். “சரிங்க” என்றாள். அவ்வளவுதான். வீட்டில் ஒரு பாய், ஒரு பானை, நான். பேசினால் எதிரொலிக்கிறது.

10 மார்ச், ஞாயிறு

மயிலாத்தாள் வந்தாள். வருவதாகச் சொல்லவே இல்லை. வாசலில் நின்று, “பாத்துட்டுப் போலாம்னு வந்தேனுங்க” என்றாள். உள்ளே போய் அடுப்பைப் பார்த்தாள். “பொகையுதுங்களா?” என்று கேட்டாள். புகையும் என்றேன். டீ போட்டுக் கொடுத்தேன், குடித்தாள். பொழுது சாய்வதற்குள் போக வேண்டும் என்று எழுந்துவிட்டாள்.

கொண்டுவந்து விடுகிறேன் என்று சைக்கிளை எடுத்தேன். கேரியரில் உட்காரச் சொன்னால் கேட்கவில்லை, நடந்தே வந்தாள். இறக்கம் தொடங்குகிற இடத்தில் நான் கொப்பு வெட்டிக் கயிற்றை எடுத்தேன். எதற்கு என்று கேட்டாள், சொன்னேன். “அது கெடக்கட்டும், நீங்க ஏறுங்க” என்று இரண்டு கையாலும் கேரியரைப் பிடித்துக்கொண்டாள்.

மெதுவாக இறங்கினேன். பின்னால் அவள் மூச்சு கேட்டுக்கொண்டே வந்தது. பாதி இறக்கத்தில் நிறுத்திக் காலை ஊன்றினேன். இரண்டு வருஷமாகக் கேட்க வேண்டியதைக் கேட்டேன். “மாமன் கடைசியா என்ன சொன்னாரு?”

அவள் சொன்னாள். “உங்களத்தானுங்க கேட்டாரு. மாப்பள இன்னைக்கு எத்தனாவது நாளுன்னாரு. ஆறுன்னேன். சிரிச்சாருங்க.”

ஊன்றின காலை எடுக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. அதுவரை அவள் பிடியை விடவில்லை.