தட்டுக்குக் குறுக்கே வராத கை

என் பிரியமான நைனாவுக்கு,

நீ போய் ஆறு மாசம் ஆகிறது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த உன் தையல் கடையில் இப்போது சைக்கிள் வாடகைக்கு விடுகிறார்கள். அந்தப் பக்கம் போனால் உன் மிஷின் சத்தம் கேட்கிற மாதிரியே இருக்கிறது.

நீ சாப்பிடுவதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். இரண்டாம் தரம் சோறு போட வந்தால், இடது கையைத் தட்டுக்குக் குறுக்கே நீட்டி, "போதும் கண்ணு, மிஷின் மிதிக்கணும்" என்பாய். கரண்டி உன் புறங்கையில் இடிக்கும். இரண்டு பேரும் சிரிப்போம்.

அப்புறம் யாருக்கும் கேட்காத குரல்கள் உன் காதில் பேசத் தொடங்கின. உன்னைப் பார்த்துக்கொள்ள நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். மாசம் ஒரு தரம் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போவோம். மாத்திரையில் குரல்கள் அடங்கின. நீ தூங்கினாய், மறுபடி சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்தாய். ஆனால் அந்த இடது கை மட்டும் குறுக்கே வரவேயில்லை. போடப் போடச் சாப்பிட்டாய். சட்டையின் பக்கத் தையலை நீயே இரண்டு தரம் பிரித்துவிட்டாய். மூன்றாம் தரம் பிரிக்க உள்ளே துணி இல்லை.

"நோயாளி மாதிரியா கீறாரு? விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி துன்றாரு" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. எனக்கு வெட்கமாகிவிட்டது. பானையில் சோறு இருக்கும்போதே "தீந்துபோச்சு நைனா" என்றேன். வறுத்த மல்லாட்டைக் கடலையை ஒளித்து வைத்தேன். நீ கோபிக்கவில்லை. "பசிக்குது கண்ணு, ஏன்னு தெரியல" என்று மட்டும் சொன்னாய். நான் பொய் சொல்வது உனக்குத் தெரிந்திருந்ததா?

காய்ச்சலில் நீ போன பிறகு மீதி மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். எப்போதும் உன் முதுகுக்குப் பின்னால் வாய் திறக்காமல் நிற்கிறவள், அன்றைக்குத்தான் உனக்கு ஏன் அப்படிப் பசித்தது என்று நர்சம்மாவிடம் கேட்டேன்.

"போதும்னு சொல்றது வயிறு மட்டும் இல்ல பாப்பா, மூளையும்தான். இந்த மாத்திரை குரலை அடக்கறப்போ, சில பேருக்கு அந்தப் 'போதும்'ங்கறதையும் அமுக்கிடுது. பசி அடங்காது, உடம்பு ஏறும். அவரு குத்தம் இல்ல. மாத்திரையை நிறுத்தக்கூடாது, ஆனா டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாம்."

ஒரு வார்த்தை முன்னாலேயே கேட்டிருந்தால், நைனா?

இப்போது அந்த அத்தையின் மருமகள் கனகா அக்காவும் அதே மாத்திரை சாப்பிடுகிறாள். நேற்று அத்தை அவள் தட்டைப் பிடுங்கினாள். நான் குறுக்கே போனேன். "குடுத்துடுங்க அத்தை. அக்கா மேல தப்பு இல்ல, மாத்திரை பண்ற வேலை" என்றேன். "உனக்கும் வாய் வந்துட்ச்சா?" என்று கேட்டவள், தட்டைத் திருப்பி வைத்தாள்.

வருகிற வாரம் அக்காவோடு நானும் விழுப்புரம் போகிறேன். டாக்டர் எதிரே நின்று அக்காவின் அடங்காத பசியை நானே சொல்வேன். பானையில் சோறு இருக்கிறவரை இனி யாரிடமும் தீர்ந்துபோச்சு என்று சொல்லமாட்டேன்.

கரண்டியோடு இன்னும் உன் கையை எதிர்பார்க்கும்
உன் மகள்,
செல்வி