கையில் மிஞ்சிய கடலை மிட்டாய்

அக்கா,

ஆடிப் பதினெட்டுக்கு ஆழியாறு போய்வந்த பையைத் துவைக்கலாம் என்று இன்று காலையில் தலைகீழாகக் கவிழ்த்தேன். ஈரத்தோடு சுருட்டிய துண்டு, ஒற்றைச் செருப்பு, இனியாவின் நீல ரிப்பன், கடைசியாக ஒரு கடலை மிட்டாய். வெல்லம் இளகி உறையோடு ஒட்டிப்போயிருந்தது. அதோடு குளோரின் வாசனையும் வந்தது. ஆழியாற்றில் ஏது குளோரின்? மே மாதம் தண்ணீர்ப் பார்க்குக்குப் போனபோது பையில் ஏறிய வாசனை, இரண்டு முறை துவைத்தும் போகவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். மிட்டாயை எடுத்துப் பார்த்தேன். உறையின் வாயைக் கிழித்து, பாதிவரை கீழே மடித்து விட்டிருந்தது. நான் மடிக்கவில்லை. சோப்புத் தூளை அப்படியே போட்டுவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அதே பார்க்குக்கு நாம் சேர்ந்து போன நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும். உங்கள் பிள்ளைகள் இருவர், என் பிள்ளைகள் இருவர், லீவுக்கு வந்திருந்த நாத்தனார் மகன். உங்கள் வீட்டுக்காரர் வழக்கம்போலத் தறியை நிறுத்திவிட்டு வர முடியாது என்று சூலூரிலேயே நின்றுகொண்டார். பெரியவர்கள் என்று வேனில் ஏறியது நீங்களும் நானும் உங்கள் கொழுந்தனாரான என் வீட்டுக்காரரும். அவரைப் பெரியவர் என்று சொல்ல நாக்கு கூசுகிறது. ராட்டினத்தைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு முன்னால் ஓடியவர் அவர்தான்.

வாசலில் காவலாளி பைகளைச் சோதித்தார். புளிச்சோற்றுத் தூக்குப் போசி வேனுக்குத் திரும்பிப் போனது. இனியாவின் துணிகளுக்கு நடுவில் நீங்கள் ஒளித்து வைத்திருந்த கடலை மிட்டாய் மட்டும் தப்பித்தது. ஒரு பொய்யும் சொல்லத் தெரியாத நீங்கள் அந்த மனிதரைப் பார்த்து, "கொழந்தைத் துணிங்க" என்று சொன்னதை நினைத்து நான் பல நாள் சிரித்திருக்கிறேன்.

உள்ளே போனதும் நான் எண்ணினேன். கணக்கு டீச்சருக்கு வேறென்ன தெரியும்? வரிசையாக ஒவ்வொரு தலையையும் தொட்டு, ஒன்று, இரண்டு என்று உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஐந்து பிள்ளைகள், அவர் ஆறு, நான் ஏழு. கடைசியாக உங்கள் தோளைத் தொட்டு, "நீங்க எட்டுங்க்கா" என்றேன்.

உங்கள் முகம் சுருங்கியது. "அட ஏம்மிணி, புள்ளைகளை எண்ணாதைன்னு எத்தன தடவ சொல்றது? தேங்காயை எண்ணு, மாட்டை எண்ணு. மனுசரை எண்ணாத."

"எண்ணாம எப்புடிங்க்கா தெரியும், எல்லாரும் இருக்கறாங்களான்னு?"

அப்போதுதான் உங்கள் வித்தையைக் காட்டினீர்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்து வெளியே வரும்போதும் பிள்ளைக்கு ஒரு மிட்டாய். எத்தனை பிள்ளையோ அத்தனைதான் கையில் எடுப்பீர்கள். "கையில ஒண்ணு மிஞ்சுச்சுன்னா ஒரு ஆளு இன்னும் உள்ள இருக்குதுன்னு அர்த்தம். அந்த ஆளு வர்ற வரைக்கும் கெளம்பக் கூடாது." மிட்டாயை எண்ணித்தானே எடுத்தீர்கள் என்று மடக்கினேன். "முட்டாயை எண்ணலாம் அம்மிணி, அதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றீர்கள். உங்களிடம் வாதாடி யார் ஜெயிப்பது!

கொடுக்கும் விதத்திலும் ஓர் ஒழுங்கு வைத்திருந்தீர்கள். உறையின் வாயைக் கிழித்து, வாழைப்பழத்தை உரிப்பதுபோலப் பாதிவரை மடித்துக் கொடுப்பீர்கள், கை பிசுபிசுக்காமல் இருக்க. அலைக்குளத்துக்கு வந்தபோது சேலையோடு தண்ணீரில் இறங்கக் கூடாது என்றார்கள். கம்பித் தடுப்பு முடியும் இடத்தில் ஒரு பாதாம் மரம், அதன் கீழே ஒரு சிமெண்டுப் படி. இரண்டு வயது இனியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை அங்கேயே நின்றீர்கள். நான் விடாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் அவள் காதில் சொல்வீர்கள்: "இரு கண்ணு, உங்கம்மா எண்ணி முடிச்சுப்போட்டு வரட்டும்." அவளுக்கு என்ன புரிந்ததோ, கெக்கெக்கே என்று சிரிப்பாள்.

அந்த வருடம் ஐப்பசி மழையில் ஊரெல்லாம் காய்ச்சல். உங்களுக்கும் வந்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரிக்கு இட்லி எடுத்துக்கொண்டு நான் வந்தபோது உங்கள் கட்டில் காலியாக இருந்தது, விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன், அக்கா. "நீங்க எட்டுங்க்கா" என்ற என் குரல் எனக்குக் கேட்காத நாள் இல்லை. காய்ச்சலுக்கும் எண்ணியதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியாதா? வகுப்பில் நாற்பது பிள்ளைகளைத் தினமும்தான் எண்ணுகிறேன். ஆனாலும் அந்த வரிசையில் கடைசியாகத் தொட்டது உங்கள் தோளைத்தான். உங்களுக்கு என் மேல் வருத்தம் இருக்குமோ என்று கேட்க நினைப்பேன். கேட்க ஆள் இல்லை.

அடுத்த வருட லீவில் யாரும் பார்க் என்ற பேச்சையே எடுக்கவில்லை. இந்த மே மாதம் நாத்தனார் மகன் வந்ததும் பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தார்கள். கிளம்பும் காலையில் உங்கள் ஸ்ரீநிதி, பதின்மூன்று வயதாகிறது, என்னைவிட உயரமாகிவிட்டாள், ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். கடலை மிட்டாய். "அம்மா இப்புடித்தானுங்க சித்தி செய்வாங்க" என்றாள். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

மூன்று மணி இருக்கும். அலைக்குளத்தில் ஒரு சுற்று முடிந்து விசில் ஊதினார்கள். எல்லாரும் மொத்தமாகக் கரையேறினார்கள். நான் பாதாம் மரத்துக்குச் சற்றுத் தள்ளி நின்று, ஒரு கையில் துண்டுகளைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் ஐந்து மிட்டாயை வைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் ஏதோ கேட்டார், அவர் பக்கம் திரும்பிப் பதில் சொல்லிக்கொண்டே நீண்ட கைகளில் ஒவ்வொன்றாக வைத்தேன். நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கடைசிக் கை நீண்டபோது மட்டும் ஒன்று உறைத்தது. மே மாத வெயிலில் குளத்துத் தண்ணீரே வெந்நீராகக் கிடந்தது. அந்தக் கை சில்லென்று இருந்தது. சின்னக் கையாகவும் இல்லை. ஸ்ரீநிதி என்று நினைத்துக்கொண்டேன். என் கை காலியாகிவிட்டது. எல்லாரும் வந்தாயிற்று என்று நடந்தேன்.

டீக்கடை வரைக்கும் வந்துவிட்டோம். அங்கேதான் ஸ்ரீநிதி கேட்டாள்: "சித்தி, இனியா எங்கீங்க?"

திரும்பிப் பார்த்தேன். நான்கு பிள்ளைகள். நான்கு பேர் வாயும் அசைந்துகொண்டிருந்தது. "ரெண்டு வாங்குனது யாரு?" என்று கத்தினேன். ஒருவரும் இல்லை. ஆளுக்கு ஒன்றுதான் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். ஸ்ரீநிதி தன் கையை நீட்டினாள். அந்த வெயிலில் அது சுட்டது.

அதற்குள் அடுத்த சுற்று அலைக்குச் சங்கு ஊதிவிட்டது. நான் எப்படி ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. அவர் சொல்லித்தான் அலையை நிறுத்தினார்கள், எல்லாரையும் கரையேறச் சொன்னார்கள். நூறு இருநூறு பேர் கரையில் வரிசையாக நின்று தண்ணீரைப் பார்த்தார்கள். ஒலிபெருக்கியில் குழந்தைகள் சிரிக்கும் ஒரு விளம்பரம் மட்டும் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் டியூப் ஒன்று ஆள் இல்லாமல் சுற்றிக்கொண்டே ஆழமான பக்கம் போனது. பாதுகாப்பு ஆட்கள் தண்ணீருக்குள் முங்கி முங்கி எழுந்தார்கள். ஒவ்வொரு முறை எழும்போதும் அவர்கள் கையைத்தான் பார்த்தேன். அந்த நேரத்தில் நான் கடவுளைக் கூப்பிடவில்லை, அக்கா. உங்களைத்தான் கூப்பிட்டேன். "எண்ண மாட்டேங்க்கா, இனி எண்ணவே மாட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னேனாம். அவர்தான் பிறகு சொன்னார்.

இருபது நிமிடம் கழித்து ஸ்ரீநிதி என் கையைப் பிடித்து இழுத்தாள். பாதாம் மரத்தடியில், கம்பித் தடுப்பு முடியும் இடத்தில், அந்தச் சிமெண்டுப் படியில் இனியா உட்கார்ந்திருந்தாள். நான் அந்த இடத்தை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். இரண்டு முறையும் படி காலியாக இருந்தது. அவளுடைய கவுன் முழங்கால்வரை நனைந்திருந்தது. கையில் கடலை மிட்டாய், பாதி கடித்தது. உறை பாதிவரை ஒழுங்காக மடிந்திருந்தது. நான் அன்று ஒரு மிட்டாயையும் மடித்துக் கொடுக்கவில்லை. அதற்கெல்லாம் எனக்கு ஏது பொறுமை?

"எங்க போன கண்ணு?"

"பந்து தண்ணிக்குள்ள போச்சும்மா. எடுக்கப் போனேன். போகாதைன்னாங்க."

"யாரு?"

"முட்டாயி குடுத்தவங்க. இரு கண்ணு, உங்கம்மா எண்ணி முடிச்சுப்போட்டு வரட்டும்னாங்க."

அவர் அவளை வாரி எடுத்துக்கொண்டு, "பக்கத்துல நின்ன யாராச்சும் பாத்துக் குடுத்திருப்பாங்க, விடு" என்றார். இருக்கலாம். ஆனால் அந்த வாக்கியத்தை யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? நீங்கள் சொன்னபோது அவளுக்கு இரண்டு வயது. உங்கள் முகத்தைப் போட்டோவில் காட்டினால்கூட "இது யாரு?" என்று கேட்கிறவள். ஸ்ரீநிதி, தங்கை தின்று முடிக்கும்வரை பக்கத்தில் நின்று, அந்த உறையை வாங்கி நீவித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

அன்று இரவு முழுக்க மனதுக்குள் கணக்குப் போட்டேன். கொடுத்தது ஐந்து. இவர்கள் நான்கு பேரிடம் நான்கு. இனியாவிடம் ஒன்று. சரியாக இருக்கிறது. பன்னிரண்டு வருடமாகப் பலகையில் எத்தனையோ விடைகளுக்குச் சரி போட்டிருக்கிறேன். விடை சரியாக இருப்பதைக் கண்டு நான் பயந்தது அன்றுதான். விளக்கை அணைக்காமல் படுத்தேன். ஆனால் விடிவதற்குள் பயத்துக்குள்ளேயே இன்னொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது. வருத்தம் இருந்திருந்தால் என் பிள்ளையைத் தண்ணீர் ஓரத்தில் நிறுத்தி வைத்திருப்பீர்களா? ஒன்றரை வருடமாக நான் கேட்க நினைத்ததற்குப் பதில் அந்தப் படியில் கிடைத்துவிட்டது.

போன ஞாயிறு ஆழியாற்றுக்கு ஆறு மிட்டாய் எடுத்துப்போனேன். பண்டிகைக்கு வந்த நாத்தனார் மகனையும் சேர்த்துப் பிள்ளைகள் ஐந்துதான். ஏன் ஆறு என்று யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் வேனடியில் ஒவ்வொரு முகத்தையும் பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். ஒன்று கையில் மிஞ்சியது. கடைசியாக ஏறி உட்கார்ந்தேன்.

"எல்லாரும் வந்தாச்சுங்களா, டீச்சர்?" என்று டிரைவர் கேட்டார்.

"இன்னொருத்தரு வரோணுங்க." யோசித்துச் சொன்னதல்ல. வாய் சொல்லிவிட்டது.

டிரைவர் இன்ஜினை அணைத்தார். அவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்த பிள்ளைகள் அடங்கிப்போனார்கள். உங்கள் கொழுந்தனார் என்னைப் பார்த்தார், பிறகு வெளியே பார்த்தார். கதவு திறந்தே கிடந்தது. அணைப் பக்கமிருந்து ஈரக்காற்று உள்ளே வந்தது. இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். ஸ்ரீநிதி தன் பக்கத்து சீட்டில் இருந்த பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்தாள். கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வந்தாச்சுங்கண்ணா, எடுங்க" என்றாள்.

அந்தச் சீட்டில் வீடு வரைக்கும் யாரும் உட்காரவில்லை. நின்றுகொண்டு வருவதாக அடம்பிடித்த பையன்கள்கூடக் களைத்துக் கீழேதான் உட்கார்ந்தார்கள்.

மிஞ்சிய மிட்டாயைப் பிரிக்காமல்தான் பையில் போட்டேன். ஸ்ரீநிதி மடித்திருக்கலாம். அவளிடம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். இப்போது அது என் எதிரில், இந்தக் காகிதத்தின் ஓரத்தில் இருக்கிறது. ஓர் எறும்புகூட வரவில்லை.

இனி எங்கே போனாலும் ஆறுதான் எடுத்துப்போவேன். ஒன்று மிஞ்சும். மிஞ்சினால் அந்த ஆள் இன்னும் வரவில்லை என்றுதான் அர்த்தம், நீங்கள் சொன்னதுதான். போய்விட்டார் என்று அர்த்தம் இல்லை. எண்ண மாட்டேன் என்று உங்களுக்குச் சத்தியம் செய்தேன். மனுசரை எண்ணவில்லை. மிட்டாயைத்தான் எண்ணுகிறேன். அதற்கு ஒன்றும் ஆகாது.

கொஞ்சம் இருங்கள், அக்கா. நான் இன்னும் எண்ணி முடிக்கவில்லை.