முப்பத்தொன்று முடியட்டும் என்று வைத்த கடிதம்

கோபிக்காமல் கேட்க வேண்டும், என் மச்சான் குணம்,

நீ போய் நாலு மாதமாகிறது. கால்வாயில் ஐஸ் உடைந்துவிட்டது. கரைப் பாதையில் சைக்கிள்காரர் மணியடித்துக்கொண்டு பறக்கிறார்கள். நீயும் நானும் குளிர்கோட்டுக்குக் கை தைத்த அந்தத் தொழிற்சாலை இப்போது அடுக்குமாடி வீடுகள். அதன் மூன்றாம் மாடியில், நேற்று நாயோடு ஒரு பெண் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தாள். நம்முடைய மெஷின் இருந்த அதே ஜன்னல்தான்.

மொன்றியலின் இந்தத் தென்மேற்கு மூலையில் ஏன் கிடக்கிறீர்கள் என்று, தமிழ்க் கடைகள் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் சனம் இப்போதும் கேட்கிறது. "கறிவேப்பிலைக்கும் மெட்ரோ ஏற வேணுமே, அண்ணை?" உன்னிடம் கேட்டால் சும்மா விடுவாயா? "உந்தக் கால்வாயை அயர்லாந்திலை இருந்து வந்த ஏழையள் மண்வெட்டியாலை வெட்டினவை. பேந்து ரயில் வேலைக்குக் கறுப்பின ஆக்கள் வந்தவை. பேந்து நாங்கள்," என்று தொடங்குவாய். கேட்டவருடைய தேத்தண்ணி ஆறிப்போகும்.

எனக்குச் சரித்திரம் எங்கே தெரியும்? எனக்குப் பிடித்தது கோடைதான். தெரு முழுக்கச் சனம் வாசலில் குந்தியிருக்கும். கீழ்வீட்டுக் கிழவர் இரண்டு கரண்டியைத் தொடையில் தட்டித் தாளம் போடுவார். "ஐயோ, தாளம் பிழைக்குது," என்று நீ பல்கனியிலிருந்து கத்துவாய். அவருக்கு விளங்காது. "மெர்சி, மெர்சி," என்று நன்றி சொல்லி இன்னும் வேகமாகத் தட்டுவார்.

பார், எங்கேயோ போய்விட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லப் பயம், அதுதான் சுற்றுகிறேன்.

நீ கண் மூடிய மூன்றாம் நாள் ஒரு பதிவுத் தபால் வந்தது. இந்த வீட்டுக்கு வருகிற பிரெஞ்சுக் கடிதம் எல்லாம் நீதானே படிப்பாய்? எனக்கு மருந்துப் போத்தலில் இருக்கிற எழுத்தே எட்டாது. உன் தங்கச்சி பவளம் அதை வாங்கி, உடைக்காமலே உன் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

"அண்ணை பாக்கிற கடிதம், அண்ணையிட்டையே இருக்கட்டும். முப்பத்தொண்டு முடியட்டும், பேந்து பாப்பம்."

செத்த வீட்டில் கடிதம் உடைத்து என்ன நல்லது வரப்போகிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகு, வாடகைக்கு இருப்பவர்களுக்கு உதவுகிற அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு தமிழ்ப் பிள்ளை வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அங்கிள், வீட்டுக்காரர் தன்ரை மகளுக்கு வீட்டைத் திருப்பிக் கேக்கிறார். யூலை முதலாம் திகதி விட வேணுமாம். ஒரு மாதத்துக்குள்ளை பதில் குடுத்திருக்க வேணும்."

பவளம் தலையில் கை வைத்தாள். "ஐயோ, பிழைச்சுப் போச்சே!"

"இல்லை அன்ரி. பதில் இல்லையெண்டால், நீங்கள் மாட்டன் எண்டு சொன்ன மாதிரித்தான் சட்டம் எடுக்கும். இனி அவர்தான் ஒரு மாதத்துக்குள்ளை வழக்குப் போட வேணும்."

அந்த மாதமும் போனது. வீட்டுக்காரர் லூக் வழக்குப் போடவில்லை. அன்றைக்குத்தான், நீ போன பிறகு முதல் தடவையாக, பவளம் சிரித்தாள். "பாத்தியளே? அண்ணை கடிதத்தைப் பிடிச்சு வைச்சு வீட்டைக் காப்பாத்திப்போட்டார்!"

போன கிழமை அவள் சந்தைக்குப் போயிருந்த நேரம் லூக் வந்தார். அவருடைய பிரெஞ்சு, என்னுடைய அரைகுறை ஆங்கிலம், மீதி கைகளால் என்று பேசினோம். கடிதம் போட்ட பிறகுதான் நம் வாசலில் துக்கத்துக்கு வந்த சனத்தின் சப்பாத்துக் குவியலைக் கண்டாராம். சாவு வீட்டின் மேல் வழக்குப் போட மனம் வரவில்லையாம். மகள் புருஷனைப் பிரிந்து கைக்குழந்தையோடு வந்து, அவருடைய சின்ன வீட்டில் சோபாவில் படுக்கிறாளாம். "உரிமை உங்களுக்குத்தான். நான் கேட்கத்தான் வந்தேன்," என்றார்.

நான் "பாப்பம்" என்று சொல்லித் தட்டிக் கழித்திருக்கலாம். எத்தனை பேருக்கு அப்படிச் சொல்லியிருப்போம்? வாய் "ஓம்" என்றுவிட்டது, மச்சான்.

ஆனால் யூலை முதலாம் திகதி முடியாது என்றேன். அது ஆனி மாதம், குடி போகக் கூடாது. அதோடு உன் முதல் வருஷத்து ஆட்டைத் திவசம் முடியாமல் வீடு மாற முடியுமா? மார்கழியில் திவசம் முடிய, தையில் விடுகிறோம் என்றேன். "ஜனவரியிலா? மொன்றியலில் எவன் ஜனவரியில் குளிர்சாதனப் பெட்டி தூக்குவான்?" என்று வாய்விட்டுச் சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்தார். கொஞ்ச நேரம் விடவில்லை.

பவளத்துக்கு இன்னும் சொல்லவில்லை. அண்ணன் காப்பாற்றித் தந்த வீட்டை நான் ஒரு சொல்லில் கொடுத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? சட்டம் சொல்லியிருப்பாயா, என் தோளில் தட்டியிருப்பாயா? இப்போது அவள் உன் அறையில் நிற்கிறாள். "இஞ்சேருங்கோ, அண்ணையின்ரை அறைக்குப் பெயின்ற் அடிப்பமே? என்ன நிறம் வாங்குவம்?" என்று கேட்கிறாள். நான் காது கேட்காதவன் மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதை மடித்து வைத்ததும் எழுந்து போய்ச் சொல்லுவேன். அழுவாள், ஏசுவாள், இரண்டு நாள் கதைக்கமாட்டாள். "உன்ரை அண்ணை இருந்தாலும் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பார்" என்று சொல்லித் தப்ப நாக்குத் துடிக்கிறது. சொல்லமாட்டேன், மச்சான். இது சத்தியம். ஓம் என்றது நான். உன்னை நடுவில் இழுக்கமாட்டேன்.

உன் தங்கச்சியைக் கட்டிய,
உன் மச்சான் சின்னையா