கார்னெட் ஊத ஆள் சேர்த்தது

கொல்லம் 1106, சித்திரை 18

இன்று வலையில் நல்ல சாளை மீன்பாடு. வலையைக் காயப்போட்டுவிட்டு சாயங்காலம் குருசடிச் சிலுவை முன்னால் பாண்டு பழகினோம். ஐந்து பேரில் இரண்டு பேர் கொழும்புக்குக் கப்பலேறிவிட்டார்கள். மிச்சம், பெரிய டிரம் அடிக்கிற என் மச்சான் மரியான், கிளாரினெட் ராஜமணி, கார்னெட் என்கிற பித்தளைக் குழல் ஊதுகிற நான். மூன்று பேரைப் பார்த்தால் பாண்டு செட்டு மாதிரி இல்லை, வழக்குக் கொடுக்கப் போகிறவர்கள் மாதிரி இருக்கிறது. ஆனி 15-இல் ராயப்பர் சின்னப்பர் திருவிழா. கடற்கரை நீளத்துக்கும் சப்பரத்துக்கு முன்னால் ஊதிக்கொண்டு நடக்க வேண்டும்.

மாசியில் துடுப்பு பட்டு என் முன்பல் இரண்டு போயிற்று. கோயிலில் எரிந்து மிஞ்சின மெழுகை உருட்டி அந்த ஓட்டையில் வைத்துத்தான் ஊதுகிறேன். மெழுகு விஷயம் என் பெண்டாட்டி இசபெலுக்கு மட்டும் தெரியும்.

"மாதாவுக்கு ஏத்தின மெழுகு ஒமக்க வாயிலயா?" என்று கேட்டாள்.

"அதனாலதான் சத்தம் சுத்தமா வருது" என்றேன்.

சித்திரை 24

திங்கள்சந்தைப் பக்கம் ஒரு மிஷன் பாண்டு கலைந்துவிட்டதாம். அதிலிருந்து ஞானதாசன், அவர் மைத்துனன் ரசலையன், இரண்டு பேரையும் சேர்க்கலாம் என்கிறான் மரியான். ரசலையனுக்குச் சின்ன டிரம். ஞானதாசனுக்குக் கார்னெட். பல் போனதிலிருந்து என் ஊதல் பிசிறுவது மரியான் காதில் பட்டிருக்கும்.

"அவிய சபை வேற. கடலும் தெரியாது" என்றான் ராஜமணி.

"கடலுக்குள்ளயா ஊதப் போறோம்? சாமியாருகிட்ட கேட்டாச்சு. ஊதுற மூச்சுக்கு என்னலே சபைன்னாரு" என்றான் மரியான்.

ராஜமணி முணுமுணுத்துவிட்டுச் சரி என்றான். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். செட்டில் இருப்பது ஒரே கார்னெட். அவர் வந்தால் நான் ஊத முடியாது. கட்டுமரத்துக்கு ஆள் ஏற்றுகிற வழக்கம்தான் எங்கள் செட்டுக்கும். ஒருத்தன் வேண்டாம் என்றாலும் ஆள் ஏறக்கூடாது.

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன்.

சித்திரை 25

சொல்லவில்லை.

வைகாசி 3

முட்டத்தில் கல்யாணம். நல்ல வெயில். நடுப்பாட்டில் மெழுகு இளகிக் குழலுக்குள் போய்விட்டது. கார்னெட் கன்றுக்குட்டி மாதிரி கத்தியது. மாப்பிள்ளையே சிரித்துவிட்டான், நானும் சிரித்தேன். இத்தனை நாள் நான் செய்த கேலிக்கெல்லாம் சேர்த்து ஊரே ஒரே மூச்சில் சிரித்தது.

மரியான் குழலுக்குள் கம்பி விட்டு மெழுகை எடுத்தான். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். பிறகு என் வாயைப் பார்த்தான். அவன் சிரித்திருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்து கார்னெட்டைக் கழுவி ஆணியில மாட்டினேன். கார்னெட்டு இல்லன்னா அந்தச் செட்டுல நான் யாரு? சும்மா பின்னால நடந்து சிரிப்புக் காட்டுறவனா?

வைகாசி 4

சம்மதம் சொல்லிவிட்டேன். "வரட்டு மக்கா. அந்த ஆளுக்குப் பல்லு இருக்கான்னு மட்டும் பாத்துக்க" என்றேன். மரியான் என் தோளைப் பிடித்தவன் கொஞ்ச நேரம் விடவில்லை.

வைகாசி 12

வந்தார்கள். ஞானதாசன் என்னைவிட மூப்பு. பல் அத்தனையும் வரிசையாக இருக்கிறது, பார்த்ததுமே எரிச்சல். நின்றபடி ஊதினார். ஆண்டவரே, நன்றாகத்தான் ஊதுகிறார்.

நடக்கச் சொன்னோம். ரோட்டில் நடந்து பழகின கால். மணலில் புதையப் புதைய, எட்டுக்கு எட்டு குழல் உதட்டில் இடித்து, பாட்டுக்கு விக்கல் வந்துவிட்டது. ராஜமணிக்குச் சந்தோஷம்.

"இதுக்குத்தான் அன்னைக்கே சொன்னேன்" என்றான்.

ஞானதாசன் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "ஏன்வே, ஒங்க ஊருல தரையே கெடையாதா?"

அந்த நிமிஷமே ஆளைப் பிடித்துப்போயிற்று. என்ன செய்ய.

வைகாசி 20

ஈர வலையைச் சுமந்து வரிசையாகப் போகும்போது, முன்னால் போகிறவன் மிதித்த தடத்திலேயே பின்னால் வருகிறவன் கால் வைப்பான். மிதிபட்ட மணல் அவ்வளவு புதையாது. பிறந்ததிலிருந்து செய்கிற காரியம், ஒரு வாரமாய் என் புத்தியில் படவில்லை. இன்று கைத்தாளத்தை எடுத்துக்கொண்டு ஞானதாசனுக்கு முன்னால் போனேன்.

"எனக்க தடத்துல காலை வையும்வே."

விக்கல் நின்றுவிட்டது. ராஜமணி போகும்போது ரசலையனுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தான்.

ஆனி 15

மழை விட்டுக் கொடுத்தது. சப்பரம் கடற்கரைக்கு இறங்கியது. நான் முன்னால் மிதித்துத் தாளம் போட, ஞானதாசன் பின்னால் ஊதிக்கொண்டு வந்தார்.

இருபது வருஷம் அந்தப் பாட்டை ஊதியிருக்கிறேன். ஊதுகிறவனுக்கு மூச்சுதான் தெரியும், உதடுதான் தெரியும். இன்று முதுகுக்குப் பின்னாலிருந்து பாட்டு வந்தது. இவ்வளவு நல்லாவா இருக்கும்? ஒருத்தனும் சொல்லலியே எங்கிட்ட! கண் நிறைந்துவிட்டது. பக்தியில் அழுகிறேன் என்று இசபெல் நினைத்தாளாம். நினைக்கட்டும்.

ராயப்பரே, சின்னப்பரே, ஸ்தோத்திரம். பல் போனதற்கும் சேர்த்துத்தான்.

ஆனி 17

ஞானதாசன் கார்னெட்டை என் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகப் பார்த்தார். "ஒமக்க சாமானம் ஒமக்க வீட்டுல இருக்கட்டு" என்றார்.

"ஊதுறவன் வீட்டுல இருக்கட்டும்வே. கொண்டு போவும்."

துணியில் சுற்றிக் கொடுத்தேன். அவர் வழிமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே வந்தால், கார்னெட் தொங்கின ஆணியில் இசபெல் மண்ணெண்ணெய் விளக்கை மாட்டியிருக்கிறாள்.

"அதுக்குள்ளயா?"

"இருவது வருசமா அந்த ஆணியில எனக்கொரு கண்ணு."

கஞ்சி குடிக்க உட்கார்ந்தோம். அந்த ஆணி விளக்கில் மீன்முள் நன்றாகத் தெரிகிறது.