அச்சகத்துப் பின்படிக்கட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? மாமா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்வாய். இதை நான் முழுசாகச் சொல்லி முடிக்க வேண்டும்.

உன் தங்கை வீட்டுக்காரர் குடியை விட்டு ஏழு மாதம் ஆகிறது. சந்தோஷப்படு. நானும் படுகிறேன். ஆனால் வயிறும் எரிகிறது அக்கா.

குடியை விட நினைப்பவர்கள் சனிக்கிழமைதோறும் கூடிப் பேசும் அந்தக் கூட்டத்தைக் கண்டுபிடித்தவளே நான்தான். நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தில் மூன்று நம்பர் இருந்தது. முதல் நம்பர் உபயோகத்தில் இல்லை. இரண்டாவதை எடுத்த டயர் கடைக்காரர், வாரத்துக்கு நாலு பேர் இப்படிக் கேட்டு உயிரை வாங்குகிறார்கள் என்று சலித்துக்கொண்டார். மூன்றாவதில் விலாசம் கிடைத்தது. ஓர் அச்சகத்தின் பின்படிக்கட்டில் இரண்டு மாடி ஏறி எட்டிப் பார்த்தேன். வட்டமாக பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒருவர் என்னை உட்காரவைத்து, "எத்தனை வருஷமா குடிக்கிறீங்கம்மா?" என்று பரிவாகக் கேட்டார். சிரிக்காதே.

லிஃப்ட் ரிப்பேர் செய்கிற என் வீட்டுக்காரர், படியேற மாட்டேன் என்று அடம்பிடித்தார். கெஞ்சிக் கூட்டிப் போனேன். முதல் நாலு சனிக்கிழமையும் அவர் உள்ளே, நான் வெளியே படியில் காவல். நாலாவது வாரம் கதவுக்குள்ளிருந்து அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று!

அப்புறம் எதற்கெடுத்தாலும் சலூன்காரர் அண்ணன்தான். அங்கே இவருக்குத் துணையாக இருப்பவர், குடியை விட்டுப் பதினோரு வருஷம் ஆனவர். ஆசை வந்தால் தண்ணீர் குடி, நாலு எட்டு நட என்று நான் தொண்டை வறளச் சொன்னதை அந்த மனிதர் ஒரு தரம் சொன்னார். உடனே அது வேதவாக்கு ஆகிவிட்டது.

போன மாதம், ஆறு மாதம் நிறைந்ததற்கு வீட்டாரையும் அழைத்திருந்தார்கள். இவர் எழுந்து பேசினார். ஒன்பது வருஷத்துக்கு முன் எனக்குக் கரு கலைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேனே, அன்று இவர் வெளியூர் வேலையில் மாட்டிக்கொண்டதாகத்தானே நாம் நம்பினோம்? ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே இருந்த பாரில் இருந்திருக்கிறார் அக்கா. இந்த கிளாஸ் முடிந்ததும் உள்ளே போகலாம், இது முடிந்ததும் போகலாம் என்று சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாராம். அங்கே ஒருவரும் திடுக்கிடவில்லை. அவர்களுக்கு அது பழைய கதை. இருபது பேருக்குத் தெரிந்த பிறகு இருபத்தொன்றாவது ஆளாக நான் கேட்டேன். என் வயிற்றில் போன பிள்ளைக்கு அவர்களிடம் போய் அழுதிருக்கிறார்.

அந்த ஆத்திரத்தில்தான் இதைச் செய்தேன். போன சனிக்கிழமை காலை இவர் குளிக்கும்போது சலூன்காரர் போன் செய்தார். அச்சகத்து மாடியில் பெயிண்ட் அடிக்கிறார்கள், இன்றைக்கு மட்டும் பள்ளிக்கூடத்துப் பின் அறையில் கூடுகிறோம், "மறக்காம சொல்லிடும்மா" என்றார். சரிண்ணா என்றேன். சொல்லவில்லை. போன் வந்த தடயத்தையும் அழித்தேன். அந்தக் கதவு இவருக்கும் ஒரு தரம் மூடிக் கிடக்கட்டுமே என்று நினைத்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக் கூட்டத்துக்குச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஆறே காலுக்குத்தான் எனக்குப் பொறி தட்டியது. கூட்டத்தில் எல்லோரும் போனை அணைத்திருப்பார்கள். இவர் கூப்பிட்டால் எடுக்க ஆள் இல்லை. வழியிலோ இரண்டு பார். ஓடினேன் அக்கா. இரண்டு பாரிலும் நுழைந்து ஒவ்வொரு மேஜையாகப் பார்த்தேன், இல்லை. அச்சகத்துக்குப் போனால், பூட்டிய கதவுக்கு வெளியே, நான் காவல் இருந்த அதே படியில் உட்கார்ந்திருந்தார். ஒரு பார் வாசல் வரை போய்த் திரும்பி வந்ததாகச் சொன்னார். "நல்லவேளை வந்தே. உக்காரு, நாம ரெண்டு பேருமே கூட்டம் நடத்திடலாம்" என்றார்.

நான் ஒரு குடிநோயாளி என்று முறைப்படி தொடங்கி அரை மணி நேரம் பேசினார். என்ன பேசினார் என்று உனக்கு எழுத மாட்டேன். அது எனக்கு மட்டும். முடித்துவிட்டு, இப்போது உன் முறை என்றார். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்றேன். அதற்கும் அவர் நன்றி சொன்னார்.

மறுநாள் சலூன்காரர் வீட்டுக்கு வந்தார். என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். "நான்தாம்பா சொல்ல மறந்துட்டேன்" என்று இவரிடம் சொல்லிப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். இனி அவர்மேல் பொறாமைப்படக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் படுகிறேன்.

இப்போது பார், அவரிடம் சொல்ல வேண்டியதை நானும் உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். தூரத்தில் இருப்பவர்களிடம் சொல்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது! வருகிற சனிக்கிழமை அவர் கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுவேன். கேட்டுவிட்டு எந்தப் பக்கம் போவாரோ என்றுதான் பயம். அன்று ஆறு மணிக்கு எங்களை நினைத்துக்கொள்.

மாமாவிடம் இதைக் காட்டாதே. புத்தி சொல்லியும் எழுதாதே. அந்தக் கூட்டத்தில் ஒருவர் பேசி முடித்தால் யாரும் அறிவுரை சொல்வதில்லை, நன்றி என்று மட்டும் சொல்வார்கள். நீயும் ஒரு கார்டில் அந்த ஒரு வார்த்தையை எழுதிப் போடு அக்கா, போதும்.

உன் ஆசியை எதிர்பார்க்கும்
தங்கை