சத்தம் வராத கீபோர்டு

ஜூலை 15, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. ஆடி இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் பாலத்தில் பஸ் ஜன்னலை இறக்க வேண்டியிருந்தது. காவிரியில் நல்ல தண்ணீர். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை நின்றுகொண்டே.

ஆபீஸ் வாட்ஸப் குழுவில் செல்வியின் செய்தி. அப்படியே எழுதிவைக்கிறேன், பின்னால் மாற்றிச் சொல்வார்கள்: "வணக்கம். ஹாலில் கீபோர்டு சத்தம் அதிகமாக இருப்பதாகப் புகார் வந்துள்ளது. வரும் திங்கட்கிழமைக்குள் சரிசெய்துகொள்ளவும். முடியாதவர்களுக்குப் பின்பக்க அறை ஒதுக்கப்படும்." கடைசியில் ஒரு கைகூப்பல்.

பெயர் போடவில்லை. எதற்குப் போட வேண்டும்? ஹாலில் இருப்பது மூன்று பேர். சத்தம் வருகிற கீபோர்டு ஒன்றே ஒன்று, என்னுடையது. 'முடியாதவர்களுக்கு' என்று பன்மை வேறு. மரியாதையாம்.

செல்வி கட்டடக்காரருக்காக இந்த மாடியை மேஜை மேஜையாக வாடகைக்கு விடுகிறவள். தானாக இப்படி எழுதுகிற ஆள் இல்லை. யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

பின்பக்க அறை: இன்வெர்ட்டர், கால் ஒடிந்த நாற்காலிகள், தண்ணீர் கேன்கள். ஜன்னல் கிடையாது. இப்போது நான் இருக்கும் மேஜையிலிருந்து மலைக்கோட்டை உச்சி வரை தெரியும். அதற்காக இல்லை. என்னிடம் மொழிபெயர்க்கப் பத்திரம் கொண்டுவருகிற வக்கீல் குமாஸ்தா வாசலில் நின்று எட்டிப் பார்ப்பான். நான் தெரிந்தால் உள்ளே வருவான். தெரியாவிட்டால் அடுத்த தெருவில் வேறு ஆள் இருக்கிறான்.

தவிர, எனக்கு இந்த வழி பழக்கம். கல்லூரியிலும் முதலில் மேஜையைத்தான் மாற்றினார்கள், லைப்ரரிக்குப் பின்னால். "அங்க அமைதியா இருக்கும் சார்." அடுத்த வருஷம் ஆளையே.

வீட்டுக்கு: தயிர், ஷேவிங் பிளேடு. இரண்டும் மறந்தேன்.

ஜூலை 16, புதன்

யார் என்று யோசித்தேன். யோசிக்க அதிகம் இல்லை.

ஒன்று, ஷமீம். பாலக்கரைப் பெண். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஹெட்செட்டில் பேசி நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறாள். நல்ல மாதிரி. ரம்ஜானுக்குக் கஞ்சி கொண்டுவந்தாள்.

இரண்டு, வரதராஜன். இனி வ. முழுப் பெயர் எழுதும் அளவுக்கு மரியாதை இல்லை. ஒரே கல்லூரி, ஒரே துறை, ஸ்ரீரங்கத்தில் அடுத்தடுத்த தெரு. என்னை வெளியே அனுப்பிய கூட்டத்தில் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தான். வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை போதும், சொல்லவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. இப்போது அவனும் வேலையை விட்டுவிட்டு, ஸ்கூல் கைடுகளுக்குப் பிழை திருத்துகிறானாம். திருச்சியில் இத்தனை மாடி இருக்க, தையில் இந்த ஹாலுக்கே வந்து சேர்ந்தான். தற்செயல் என்று செல்வி சொன்னாள். நான் நம்பவில்லை.

செல்வியின் செய்திக்குக் கீழே நேற்றே 'சரி' என்று போட்டிருந்தேன். அதைத் தட்டிப் பார்த்தேன், யார் யார் படித்தார்கள் என்று. ஷமீம் படித்திருக்கிறாள். வ. படிக்கவில்லை. நேற்றிலிருந்து படிக்கவில்லை. எழுதச் சொன்னவனுக்குப் படித்துப் பார்க்க என்ன இருக்கிறது?

அவனுடைய மற்ற நடவடிக்கைகள், சில நாளாகக் கவனித்தது:

- நேருக்கு நேர் என் முகத்தைப் பார்க்கிறான். தலையசைப்பு கிடையாது. சுவரைப் பார்ப்பது மாதிரி.
- பாத்ரூம் போகும்போது ஒவ்வொரு நாற்காலி முதுகையும் தொட்டுக்கொண்டே போகிறான். ஹாலையே வாங்கிவிட்டவன் மாதிரி.
- கம்ப்யூட்டரில் எழுத்தை எலுமிச்சம்பழம் அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருக்கிறான். தான் வேலை செய்வது வாசல் வரை தெரிய வேண்டுமாம்.
- இன்று ஷ.விடம்: "இது அஞ்சா எட்டாம்மா?" எம்.ஏ., எம்.ஃபில். அஞ்சுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரியாதாம். அவளோடு பேச ஒரு சாக்கு.

மருங்காபுரி பாகப்பிரிவினைப் பத்திரம் பாதி முடிந்தது. அண்ணன் தம்பி, நடுவில் ஒரு கிணறு. ஒருவன் மோட்டார் போடும் நாளில் மற்றவன் போடக் கூடாது. சரியான ஏற்பாடு.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. வீட்டில் ஜெயா பாயசம் வைத்தாள். சர்க்கரை குறைவு.

மத்தியானம் ஷமீம் டிபன் டப்பாவைக் கழுவிவிட்டு நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. செல்வி மேடம் கிட்ட நான்தான் சொன்னேன்."

"நீயா?"

"ஆமா சார். போன்ல இருக்கவங்க, அங்க மழையான்னு கேக்குறாங்க. நானும் ஆமான்னு சொல்லிட்டேன். ரெண்டு வாரமா திருச்சில விடாம மழை பெய்யுது சார்! நேத்து ஒரு அம்மா, வெள்ளம் கிள்ளம் வந்துடப் போவுது, பத்திரமா இருங்கன்னு துஆ பண்றாங்க."

சிரிக்கக் கூடாது என்று இருந்தேன், சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தேன். இந்தப் பெண் யாரையும் குறை சொல்கிற வகை இல்லை. கேட்காமலே வந்து ஏன் ஒப்புக்கொள்கிறாள்? யாரையோ காப்பாற்றுகிறாள். பேசி முடித்ததும் வ. பக்கம் பார்த்தாள். அவன் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தான்.

எப்படியும் கீபோர்டை மாற்றியாக வேண்டும். ரப்பர் கீபோர்டு என்னால் ஆகாது. சேற்றில் நடப்பது மாதிரி, சாயங்காலத்துக்குள் விரல் வீங்கிவிடும். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த கை இது, கீ ஒவ்வொன்றும் தனித்தனியாக எழும்பி விரலுக்குப் பதில் சொல்ல வேண்டும். மெக்கானிக்கல்தான். சத்தம் மட்டும் கூடாது.

இணையத்தில் படித்தது. கீக்கு அடியில் இருக்கும் ஸ்விட்சை நிறத்தால் சொல்கிறார்கள். நீலம்: க்ளிக் என்று கத்தும் (என்னுடையது). பிரவுன்: விரலுக்கு லேசாகத் தட்டும், கத்தாது என்கிறார்கள். சிவப்பு: வழுக்கிக்கொண்டு இறங்கும். இது தவிர 'சைலண்ட்' என்று ஒன்று, உள்ளே ரப்பர் வைத்தது. புகழ்ந்து எழுதியவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள். ஒரே ஆள் பல பெயரில் எழுதியிருப்பான்.

ஜூலை 19, சனி

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டர் கடை. ஆடித் தள்ளுபடிக் கூட்டம், தெருவில் கால் வைக்க இடம் இல்லை. எதிர் ஜவுளிக்கடை ஒலிபெருக்கியில் ஒருவன் விடாமல் புடவையைக் கூவிக்கொண்டிருந்தான். ஆட்டோ ஹாரன் தனி.

கடைக்காரர் பிரவுனை எடுத்து வைத்தார். "அடிச்சுப் பாருங்க சார். ஏதாச்சும் கேக்குதா?"

அடித்தேன். ஒன்றும் கேட்கவில்லை. நீலத்தையும் அடித்துப் பார்த்திருந்தால் அதுவும் கேட்டிருக்காது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

கூடத்தில் வைத்து இரண்டு வரிதான் அடித்தேன்.

"ஏன்னா," சமையலறையிலிருந்து ஜெயா, "அங்க என்ன ஒடைக்கறேள்?"

"கீபோர்டு. சத்தம் வராத கீபோர்டு."

"அப்பளத்த நொறுக்கறாப்ல இருக்கே. நீங்க டைப் அடிக்கறேளா, யாரையாவது நெனச்சுண்டு குத்தறேளா?"

அவள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பிரவுன் கத்தவில்லை. நான் அடிக்கிற அடியில் கீ போய் அடித்தட்டில் மோதுகிறது, அந்தச் சத்தம். இன்ஸ்டிட்யூட்டில் மூன்று கார்பன் தாள் வைத்துப் பழகிய கை. அடித்தால் கடைசித் தாளிலும் விழ வேண்டும்.

படுக்கப் போகும் முன் ஜெ. ஆரம்பித்தாள்: "கோவில்ல வரதன் ஆத்துக்காரியப் பாத்தேன். அவருக்கு உடம்பு..."

"அவன் பேச்சு இங்க வேண்டாம்."

நிறுத்திக்கொண்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

கடை திறக்கும்போதே போய் நின்றேன். கூட்டம் இல்லை, ஒலிபெருக்கி மட்டும் தொடங்கிவிட்டது.

"இங்கே வைத்துக் கேட்டுப் பயனில்லை. ஷட்டரைக் கொஞ்சம் இறக்குங்கள்" என்றேன்.

"ஐயையோ சார், காலங்காத்தால பாதி ஷட்டர் எறக்குனா தெருவுல சாவு போவுதுன்னு எல்லாவனும் எறக்குவான்!"

கடைசியில் பின்னால் சாமான் அறை. அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து, கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு. அவர் கதவைச் சாத்தினார். வெளியே தாழ்ப்பாள் போடுகிறாரா என்று காது கொடுத்துக் கேட்டேன். போடவில்லை.

சாதா சிவப்பு: வேண்டாம். சைலண்ட்: முதலில் அடித்தபோது கீ வேலை செய்யவில்லையோ என்று நினைத்தேன். விரலுக்கு எல்லாம் தெரிகிறது, இறங்குகிறது, எழும்புகிறது. காதுக்கு ஒன்றும் இல்லை. மரத்தில் குத்துவது மாதிரி குத்தினேன். தூரத்தில் யாரோ துணி மடிக்கிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

வெளியே வந்தபோது கடைக்காரர்: "என்ன சார், உள்ள தூங்கிட்டீங்களோன்னு பாத்தேன்."

பிரவுனைத் திருப்பி எடுத்துக்கொண்டார். மேல்பணம் வாங்கினார். எவ்வளவு என்று ஜெ.விடம் சொல்லவில்லை. கீழே விரிக்க அவளே தேங்காய்ப்பூத் துண்டு ஒன்றை மடித்துக் கொடுத்தாள்.

ஜூலை 21, திங்கள்

வென்றேன்.

செல்வி வந்து என் மேஜைக்குப் பின்னால் நின்றாள். அடித்துக் காட்டினேன்.

"சார், நெஜமாவே டைப் பண்றீங்களா, சும்மா கைய ஆட்டுறீங்களா?"

"திரையைப் பாருங்கள்."

பார்த்தாள். "சூப்பர் சார். நீங்க இங்கயே இருங்க."

ஷ. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். திருச்சியில் மழை விட்டதாம்.

மலைக்கோட்டை இருந்த இடத்திலேயே இருக்கிறது. மருங்காபுரி முடிந்தது, குமாஸ்தா வாசலிலிருந்தே என்னைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து வாங்கிப் போனான்.

வ. மட்டும் காலையிலிருந்து நிலைகொள்ளாமல் இருந்தான். திரும்பித் திரும்பி என் பக்கம். வயிறு எரிகிறது என்று எடுத்துக்கொண்டேன். மத்தியானம் எழுந்து வந்தான், நாற்காலிகளைத் தொட்டுக்கொண்டே. என் நாற்காலி முதுகுக்கு நீட்டிய கையை என் தலைமேல் வைத்தான். என் தலைமேல்! குனிந்து அடித்துக்கொண்டிருந்தேன். சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, ஷமீம் பக்கம் திரும்பி, "யாரும்மா இங்க?" என்றான்.

மண்டையைத் தொட்டுவிட்டு யார் என்று கேட்கிறான். கொழுப்பு. நான் வாயைத் திறக்கவில்லை. அவள் ஏதோ மெதுவாகச் சொன்னாள். போய்விட்டான்.

செல்வியிடம் சொல்ல வேண்டும். இதற்கும் குழுவில் ஒரு செய்தி போடட்டும்.

ஜூலை 22, செவ்வாய்

மூட்டம், தூறல் இல்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

செல்வியிடம் புகார் சொல்லப் போனேன். அவள் இன்னும் வரவில்லை. ஷமீமிடம் சொன்னேன், அவளே பார்த்தவள் என்பதால். அவள் ஹெட்செட்டைக் கழற்றினாள்.

"சார், உங்களுக்குத் தெரியாதா? வரதன் சாருக்குச் சுகர்ல கண்ணு போயிட்டே இருக்கு. எடது கண்ணு சுத்தமா இல்ல. வலது கண்ணுல மூஞ்சி கீஞ்சி ஒண்ணும் தெரியாது, நிழலாட்டம்தான்."

"அவன் சொல்லவில்லையே."

"நீங்க ரெண்டு பேரும் என்னிக்குப் பேசுனீங்க?" ஹெட்செட் வயரைச் சுற்றிக்கொண்டே: "உங்க டைப்பிங் சத்தத்த வச்சுதான் சார் அவரு நடப்பாரு. அது வலது கைப்பக்கம் கேட்டா பாத்ரூம் நேரா. மேடம் அவர்கிட்டயும் கேட்டாங்களாம், சத்தம் தொந்தரவான்னு. எனக்கு அது இருக்கட்டும்மா, மத்தவாளுக்கு வேணும்னா பாருங்கோன்னாராம். இந்தச் சத்த விஷயம் எனக்கு நேத்துதான் தெரியும். தெரிஞ்சிருந்தா, அல்லாவே, வாயத் தொறந்திருக்க மாட்டேன்."

அவன் சொன்னானாம். கூட்டத்தில் திறக்காத வாய், செல்வியிடம் திறந்ததாம். எதற்காக இருக்கும்? அவனுக்கு வசதி என்றுதான் சொல்லியிருப்பான். எனக்காகவா சொன்னான்?

வாட்ஸப்பைத் தட்டிப் பார்த்தேன். வ. இன்னும் படிக்கவில்லை.

வேலை ஓடவில்லை. ஒரே வரியை அடித்து, அழித்து. மத்தியானம் ஷ. சாப்பிட வீட்டுக்குப் போனாள். ஹாலில் அவனும் நானும் மட்டும். ஃபேன் சத்தம். அவன் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தான், நின்றான், நடக்கவில்லை. தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக் கேட்டான். அடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

"ரகு," என்றான். "இருக்கியாடா?"

இத்தனை வருஷத்துக்குப் பிறகு.

என்டர் கீயை ஓங்கிக் குத்தினேன். மறுபடியும் குத்தினேன். துண்டு வேறு கீழே. ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவு நல்ல கீபோர்டு. அவன் இன்னும் தலையைச் சாய்த்தபடியே, ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு.

"இருக்கேன்" என்றேன்.

"சரி" என்றான். என் குரலை வலது கைப்பக்கம் விட்டு நேராக நடந்து போனான். நாற்காலியைத் தொடவில்லை.

திரும்பி வரும்போதும் கேட்பானா என்று காத்திருந்தேன். கேட்பதற்குள் நானே ஒருமுறை இருமினேன்.